சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டுகையா?

நரம்பியலிலும் நோயெதிர்ப்பியலிலும் ஆய்வு செய்யும் ஒரு விஞ்ஞானியைப் பற்றிய குறிப்பைப் படித்தால், முதல் சில வரிகளிலேயே மூன்று எண்கள் வந்துவிடும்: இத்தனை கட்டுரைகள், இத்தனை ஆயிரம் சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் இத்தனை. முதல் எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற இரண்டும் சைட்டேஷன் என்ற ஒரே சொல்லை நம்பி நிற்பவை. ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த கட்டுரைகள் குறிப்பிடுவதுதான் சைட்டேஷன்.

இதன் வேர் லத்தீனின் 'சிட்டாரே'. அசைத்தல், கூப்பிடுதல், வரவழைத்தல் என்பது பொருள். ஆங்கிலத்தில் முதலில் நீதிமன்ற அழைப்பாணையைத்தான் சைட்டேஷன் என்றார்கள். முன்பு ஒருவர் எழுதியதைத் தன் வாதத்துக்குத் துணையாக அழைப்பது என்ற பொருள் பிறகு வந்தது.

சட்டத்தோடு இருந்த உறவு அத்தோடு போய்விடவில்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873இல் தொடங்கிய அட்டவணையில், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்று வழக்கறிஞர்கள் தேடிப் பார்ப்பார்கள். உறுதி செய்தார்களா, தள்ளிவிட்டார்களா என்பதற்கும் அதில் குறி உண்டு. தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு இதை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ஒரு கட்டுரைக்கு வந்த மறுப்புகளைப் பின்னால் வருபவர்கள் எளிதில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். 1964இல் அவருடைய அட்டவணை வெளிவந்தது. ஆனால் ஏற்பா மறுப்பா என்று காட்டும் குறிகள் அதில் இல்லை. தேடுவதற்கென்று செய்த கருவி, போகப்போக எண்ணுவதற்கான கருவியாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பரவலாக வழங்குவது 'மேற்கோள்'. மேல், கோள் என்று பிரியும். கோள் என்பது 'கொள்' நீண்டு பிறந்த பெயர். சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் வரும் மேற்கோளுக்கு, நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து என்று பொருள். இன்று அந்தப் பொருள் வழக்கில் இல்லை. பிறர் சொன்னதை அப்படியே எடுத்துக் காட்டுவதே மேற்கோள். இரட்டைக் குறிக்கும் 'மேற்கோள் குறி' என்றுதானே பெயர்?

இங்கேதான் இடிக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவது அரிது. வரியின் முடிவில் ஓர் எண்ணோ, பெயரும் ஆண்டுமோ நிற்கும். அது சுட்டிக் காட்டுவது மட்டுமே. அதனால் சைட்டேஷனுக்குச் 'சுட்டுகை' என்பதே நெருக்கமான சொல் என்பது என் கருத்து. 'மேற்கோள் எண்ணிக்கை' என்றால் எல்லாருக்கும் புரியும், அதில் தவறும் இல்லை. ஆனால் மேற்கொள்வது என்றால் ஏற்பது என்ற சாயலும் கூடவே வரும். சுட்டுவதற்கு அந்தப் பொறுப்பு இல்லை.

பிறர் நூலை எந்த எந்த நோக்கில் தொடலாம் என்று நன்னூல் அன்றே வகுத்துவிட்டது. அது சொல்லும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) உடன்படல் உண்டு, மறுத்தல் உண்டு, பிறர் நூல் குற்றம் காட்டலும் உண்டு. சைட்டேஷன் எண்ணிக்கை இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுக் கூட்டுகிறது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதைச் சுட்டியவை ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் மறுப்பதற்காகச் சுட்டியவை. 'நேச்சர்' இதழில் 2006இல் வந்த அல்சைமர் ஆய்வு ஒன்று வேறு விதம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுட்டுகைகள் சேர்ந்த பிறகு, 2024இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுமே பெருஞ்சாதனைதான்!

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்மொழிந்தவர் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 'எச்-குறியீட்டெண்' என்று எழுதலாம். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது இத்தனை சுட்டுகை பெற்றவை இத்தனையாவது உண்டு என்று சொல்லக்கூடிய மிகப் பெரிய எண்ணே அது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 90, 40, 12, 5, 4 சுட்டுகைகள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 சுட்டுகை பெற்ற கட்டுரைகள் 4க்குக் குறையாமல் உண்டு. குறைந்தது 5 பெற்றவை 5 இல்லை. எனவே அவருடைய எண் 4. அந்த 90, தொள்ளாயிரமாக உயர்ந்தாலும் 4தான். இருபது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் பங்கு என்ன என்றும் அது கேட்காது. கணிதம் போன்ற துறைகளில் கட்டுரைகளும் குறைவு, சுட்டுகைகளும் மெதுவாகவே சேரும். நோயெதிர்ப்பியலில் இரண்டும் வேகம். ஆகவே துறை விட்டுத் துறை ஒப்பிடக் கூடாது.

அப்புறம் 'இம்பாக்ட் ஃபேக்டர்'. இதைத் 'தாக்கக் காரணி' என்கிறார்கள். காரணி என்றால் ஒன்றை விளைவிப்பது. இது விளைவிப்பது அல்ல, ஒரு வகுத்தல் கணக்கு: முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த சுட்டுகைகளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 'தாக்க விகிதம்' என்றால் சரியாக இருக்கும். இது இதழுக்கு உரிய அளவு. விஞ்ஞானியின் பெயருக்குக் கீழே எழுதினால் பொருந்தாது.