பழைய கைத்தொலைபேசியில் எச்சரிக்கைப் பெட்டி ஏன் எழாமற் போகிறது?

வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும். கண்டாவளை, முரசுமோட்டை போன்ற தாழ்ந்த பகுதிகளில் வாழும் மக்களுக்கு அச்செய்தி உடனே தெரிந்தாக வேண்டும். அதற்கென ஒருவர் ஒரு செயலியை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். செயலியைத் திறந்ததும் திரையின் நடுவே ஓர் எச்சரிக்கைப் பெட்டி எழுகிறது. புதிய கைத்தொலைபேசியில் ஒழுங்காக எழும் அதே பெட்டி, பழைய அண்ட்ரொய்ட் ஒன்றில் எழ வேண்டிய கணத்தில் செயலியையே மூடிவிடுவதுண்டு.

பழைய கருவிக்குப் பெட்டி வரையத் தெரியாது என்பதல்ல இதன் காரணம். அண்ட்ரொய்டின் முதற் பதிப்பிலேயே எச்சரிக்கைப் பெட்டி இருந்தது. செயலி தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருப்பதில்லை. பெட்டியை அமைக்கும் நிரலை இயங்குதளத்திடமிருந்தே அது பெறுகிறது. செயலிக்குள் இருப்பது அந்த நிரலின் பெயர் மட்டுமே. உருவாக்குபவரின் கணினியில் புதிய பதிப்பின் நிரலாக்கக் கருவித்தொகுதி இருப்பதால் அங்கு பெயர் சரியாகப் பொருந்தி, எழுதிய நிரலைக் கைத்தொலைபேசி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பு வேலையும் பிழையின்றி முடிகிறது. ஆனால் கைத்தொலைபேசி அந்தப் பெயரைத் தன்னிடமுள்ள இயங்குதளத்திலேயே தேடும். பின்னர் வந்த பதிப்பில் சேர்ந்த பெயர் பழைய இயங்குதளத்தில் இராது. அதுவும் குறித்த வரி இயங்கும்போதுதான் தேடும் என்பதால், செயலி திறந்து மற்றத் திரைகளெல்லாம் குறையின்றி ஓடியபின், எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் மட்டும் அது விழுகிறது. மேலோட்டமான சோதனையில் இக்குறை அகப்படாததும் இதனால்தான்.

பெட்டி மூடப்பட்டதைச் செயலிக்குத் தெரிவிக்கும் 'செட்ஒன்டிஸ்மிஸ்லிஸினர்' என்னும் கட்டளை இதற்கு நல்ல உதாரணம். பெட்டியைக் கட்டும் பகுதியில் அக்கட்டளை அண்ட்ரொய்ட் 4.2 இலேயே சேர்க்கப்பட்டது, 4.1 இல் அதை அழைத்தால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்ற வழுவுடன் செயலி நின்றுவிடும். இத்தனைக்கும் கட்டி முடித்த பெட்டியிடம் அதே வேலையைக் கேட்கும் வழி முதற் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

அப்பிள் நிறுவனம் ஒரு கட்டளையோடு நிற்காமல் பெட்டியையே மாற்றியது. ஐபோனின் இயங்குதளமாக 2014 இல் வந்த ஐஓஎஸ் 8, பழைய பெட்டியான 'யூஐஅலேர்ட்வியூ'வுக்குப் பதிலாக 'யூஐஅலேர்ட்கொன்ட்ரோலர்' என்பதைக் கொண்டுவந்தது. ஐஓஎஸ் 7 உடன் புதுப்பிப்பு நின்றுபோன ஐபோன் 4 இல் இந்தப் புதியது இல்லை.

தீர்வுகள் இரண்டு. முதலாவது, அழைக்குமுன் கேட்பது: கருவியின் பதிப்பு எண்ணைப் பார்த்துப் புதியதற்கு ஒரு வழியும் பழையதற்கு மறுவழியும் எழுதுவது. அப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டின் 2015 இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், இந்தச் சோதனையை மறந்தால் நிரலைத் தொகுக்கும் தொகுப்பியே தடுத்துவிடும். ஆனால் இரு வழிகளையும் காலமெல்லாம் பேண வேண்டியிருக்கும். இரண்டாவது, வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறவர்கள் பானையையும் கையோடு கொண்டுபோவதுபோல, பெட்டியின் நிரலைச் செயலியே சுமந்து செல்வது. அண்ட்ரொய்டுக்கான 'அப்கொம்பட்' நூலகம் (செயலியோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்த நிரல்களின் திரட்டு) 2015 முதல் தனக்கெனவே ஓர் எச்சரிக்கைப் பெட்டியைத் தருகிறது. செயலியின் பருமன் சற்றுக் கூடினாலும் எல்லாக் கருவிகளிலும் பெட்டி ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் எழும். வெள்ள எச்சரிக்கை போன்ற வேலைக்கு நான் இதையே தெரிவு செய்வேன். செயலி கோரும் குறைந்தபட்ச அண்ட்ரொய்ட் பதிப்பை உயர்த்திவிட்டுத் தப்பிக்கொள்வதும் எளிதுதான். ஆனால் அவ்வாறு செய்தால் பழைய கருவி வைத்திருப்பவருக்குச் செயலியை நிறுவவே இயலாது.

அந்த நூலகத்துக்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் அண்ட்ரொய்ட் 2.1 வரை இறங்கி வேலை செய்த அது, 2017 இல் 4.0 க்குக் கீழுள்ளவற்றைக் கைவிட்டது. ஆகவே நூலகத்தைப் புதுப்பிக்குமுன் அதன் குறைந்தபட்சப் பதிப்பைப் பார்ப்பதும், ஆதரிப்பதாகச் சொல்லும் மிகப் பழைய பதிப்பில் ஒவ்வொரு பெட்டியையும் எழுப்பிச் சோதிப்பதும் அவசியம்.