பெல்ட் கீச்சிட்டால் புல்லியைப் பாருங்கள்

பாய்மரப் படகு என்றாலும் காற்று விழுந்துவிட்ட நேரத்துக்கும், நெருக்கமான துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் உள்ளே ஒரு சின்ன டீசல் இன்ஜின் இருக்கும். அதன் முகப்பில் ஓடும் கறுப்பு ரப்பர் பெல்ட், கிராங்க் புல்லியின் (இன்ஜின் தண்டோடு சுழலும் சக்கரம்) சுழற்சியை, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும், பல இன்ஜின்களில் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் கூலன்ட் பம்புக்கும் கொண்டுபோகிறது. சில பழைய இன்ஜின்களில் கடல்நீர் பம்புக்கென்று தனியாக இன்னொரு குட்டி பெல்ட்டும் உண்டு. ஆல்டர்னேட்டருக்கும் கூலன்ட் பம்புக்கும் பொதுவான பெல்ட் அறுந்தால் முதலில் சார்ஜ் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வெப்பமானி முள் ஏறும். அப்புறம் இன்ஜினை அணைப்பதைத் தவிர வழியில்லை.

நல்லவேளையாக, பெரும்பாலான பெல்ட்கள் சொல்லாமல் கொள்ளாமல் அறுவதில்லை. முதலில் கீச்சிடும், சுற்றிலும் கறுப்புத் தூளை உதிர்க்கும். சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுவதுதான் வழக்கம். சத்தம் நின்றுவிடும், கோளாறு அப்படியே இருக்கும். பெல்ட் எதனால் பிடிக்கிறது என்று தெரிந்தால் காரணமும் தெரிந்துவிடும்.

அதே படகின் மேல்தளத்தில் இருக்கும் வின்ச்சைப் (கயிறு இழுக்கும் உருளை) பாருங்கள். பாய்க்கயிற்றை உருளையில் மூன்று சுற்று சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்தாலே காற்றின் முழு இழுப்பும் நின்றுவிடுகிறது. உராய்வின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு வெறும் 0.2 என்றால்கூட, மூன்று சுற்றில் ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப் போல 43 மடங்கு வரை போகலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் போட்ட கணக்கு இது. சுற்றும் கோணமும் உராய்வும் கூடக்கூட, இந்த விகிதம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும்.

பெல்ட்டுக்கு மூன்று சுற்றெல்லாம் கிடைக்காது. ஒரு புல்லியைச் சுமார் அரைச் சுற்றுதான் அது தழுவுகிறது. தட்டையான பெல்ட்டாக இருந்து, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.6தான் வரும். ஆனால் இன்ஜினில் இருப்பது குறுக்குவெட்டில் V போல அடி குறுகிய வி-பெல்ட். இங்கேதான் அதன் சாய்ந்த பக்கங்கள் உதவிக்கு வருகின்றன. பெல்ட் புல்லியின் காடிக்குள், அதாவது விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்குள், ஆப்பு போல இறங்குகிறது. அடியைத் தொடுவதில்லை, இரு சுவர்களை மட்டுமே தொடுகிறது. சுவர்களுக்கு இடையிலான கோணம் 38 டிகிரி என்றால், பெல்ட்டை 1 கிலோ அளவுக்கு உள்ளே இழுத்தாலே இரு சுவர்களும் சேர்ந்து 3 கிலோ அளவுக்கு அதை நெருக்கும். அதாவது உராய்வு மூன்று மடங்காக வேலை செய்கிறது. அதே அரைச் சுற்றில் விகிதம் 2.6லிருந்து 18க்குத் தாவிவிடும்.

புல்லியின் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கு இதனால் என்ன லாபம்? 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 700 வாட் தருகிறது. அதற்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பெல்ட் கொண்டுபோக வேண்டியது 1,200 வாட்டுக்குக் குறையாது. 120 மி.மீ. கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால் பெல்ட் நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் இந்தத் திறனைக் கடத்த, இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் ஏறக்குறைய 10 கிலோ வித்தியாசம் வேண்டும். தட்டை பெல்ட் அதைச் சாதிக்க இரு பக்கமும் சேர்த்து 23 கிலோவுக்கு இறுக்க வேண்டும், வி-பெல்ட்டுக்கு 11 கிலோ போதும். வழுக்கும் விளிம்பில் நிற்கும் கணக்குதான் இது. நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்குவார்கள். ஆனாலும் பேரிங்கின் மேல் விழுவது இந்தக் கூட்டுத்தொகைதான்.

சரி, இப்போது தேய்ந்த பெல்ட்டுக்கு வருவோம். பக்கங்கள் தேயத் தேய அது காடிக்குள் ஆழமாக இறங்கி, ஒருநாள் அடியில் உட்கார்ந்துவிடும். ஆப்பு வேலை அதோடு போச்சு. எவ்வளவு இறுக்கினாலும் கிட்டத்தட்ட தட்டை பெல்ட்தான். காடியின் அடி கண்ணாடி மாதிரி பளபளத்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த நிலையில் இறுக்குவது ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் பம்ப் பேரிங்கையும் கொல்லத்தான் உதவும்.

கறுப்புத் தூளுக்குக் காரணம் வேறு. பல மாதம் ஓடாமல் கிடந்த படகில் உப்புக்காற்று பட்டு காடிச் சுவர் துருவேறி உப்புத்தாள் போல ஆகிவிடும். அதன்மேல் புது பெல்ட்டைப் போட்டால் அதுவும் மளமளவென்று தேயும். பெல்ட் மாற்றுவதில் பாதி வேலை புல்லியைச் சரிசெய்வது என்பது என் கட்சி. மென்மையான உப்புத்தாளால் துருவை எடுத்து வழவழப்பாக்கி, துடைத்துவிட வேண்டும். சுவர் நேராக இல்லாமல் உள்வாங்கி வளைந்திருந்தால் புல்லியையே மாற்றுவதுதான் சரி. சத்தத்தை அடக்க பெல்ட்டில் அடிக்கும் ஸ்ப்ரேயில் எனக்கு நம்பிக்கையில்லை. அது நோயை மறைக்கிறதே தவிர தீர்ப்பதில்லை.

மாற்றும் வேலையை பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, சாவியை எடுத்த பிறகே தொடங்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயரில் ஸ்பேனர் உரசினால் தீப்பொறி பறக்கும். கீல் போல இருக்கும் அடி போல்ட்டையும், நீள் துளைக் கம்பியின் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் கையோடு வந்துவிடும். புதியதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக்கூடாது. ரப்பருக்குள் ஓடும் பாலியஸ்டர் நூல்கள்தான் சுமை முழுவதையும் தாங்குகின்றன. நெம்பும்போது அவற்றில் சில அறுந்தாலும் வெளியே தெரியாது. கடல்நீர் பம்ப் பெல்ட் பின்வரிசையில் இருந்தால், முன்னால் இருப்பதையும் கழற்றாமல் அதைத் தொட முடியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பெல்ட் கழன்றிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஆல்டர்னேட்டரையும் பம்பையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் இப்போதுதான் தெரியும். காடிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்ப்பதும் இப்போதுதான் சுலபம்.

பழைய பெல்ட்டில் எண் அழிந்திருந்தால், ஆல்டர்னேட்டரை நீள் துளையின் நடுவில் நிறுத்தி, புல்லிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டினால் நீளம் கிடைக்கும். மேல் அகலம் அதைவிட முக்கியம். 13 மி.மீ. காடியில் 10 மி.மீ. பெல்ட் அடிக்குப் போய்விடும். புது பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்போடு சமமாகவோ, ஒரு மயிரிழை மேலேயோ நிற்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண வி-பெல்ட்டின் கோணம் 40 டிகிரி, சின்ன புல்லியின் காடியோ 34 டிகிரிதான். வளையும்போது உட்பக்க ரப்பர் நெருக்கப்பட்டுப் பக்கவாட்டில் புடைக்கிறது, அதனால் கோணம் தானாகவே குறுகுகிறது. நேராக நீட்டிப் பார்த்து பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இறுக்கும்போது கம்பை ஆல்டர்னேட்டரின் முன்பக்க உறையில் கொடுத்து நெம்ப வேண்டும், பின்பக்கத்து மெல்லிய அலுமினியத்தில் அல்ல. புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக 10 மி.மீ. அளவுக்கு உள்ளே போகலாம். கையேடு வேறு சொன்னால் அதுவே கணக்கு. சில மணி நேரம் ஓடியதும் பெல்ட் காடியில் படிந்து, நூல்களும் சற்று நீண்டு, மறுபடி தளரும். அப்போது இன்னொரு முறை இறுக்கினால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

புல்லி வழவழப்பாக இருந்து, பெல்ட்டும் புதிதாக இருந்து, அப்படியும் கீச்சிட்டால் சுமையைச் சந்தேகியுங்கள். பழைய ஈய-அமில பேட்டரி சார்ஜ் நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரி ஏறக்குறைய நிறையும்வரை முழு மின்னோட்டத்தையும் இழுக்கும். 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை ஒற்றை 10 மி.மீ. பெல்ட்டில் மணிக்கணக்கில் ஓட்டினால் அது சூடேறி, பக்கங்கள் இறுகிப் பளபளத்து வழுக்கும். அங்கே இரட்டைக் காடி புல்லியோ, பல வரிகள் கொண்ட அகலப் பெல்ட்டோதான் வழி. இரட்டை பெல்ட்டில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீளாத புதியது மட்டும் பெரும்பாலான சுமையை வாங்கிக்கொள்ளும்.