பண்டு: கரையா, வரப்பா, கொரம்பா?

ஏரி வேலைக்கான மதிப்பீட்டுத் தாளில் ‘பண்டு பலப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். மானாவாரி நிலத்தில் மழைநீரை நிறுத்தும் திட்டத்தில் ‘பண்டு போடுதல்’. ஆற்றில் மண்ணும் தழையும் போட்டு மறித்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பினாலும் பண்டுதான். இந்த மூன்றும் மண்ணால் ஆனவை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை அதிகமில்லை. உயரம் வேறு, ஆயுள் வேறு, உடையும் விதமும் வேறு. விவசாயிகள் வாயில் இவை ஏரிக்கரை, வரப்பு, கொரம்பு என்று தனித்தனியாகத்தான் வழங்குகின்றன.

‘பண்டு’ (bund) ஆங்கிலம் வழியாக வந்தாலும் பிறப்பில் ஆங்கிலச் சொல் அன்று. பாரசீகத்தில் ‘பந்த்’ என்றால் கட்டு. ஆற்றைக் கட்டும் அணைக்கும் அதே பெயர். ஈரானில் ஷுஷ்தர் நகரின் பழைய அணைக்கு ‘பந்த்-இ கைசர்’ என்று பெயர். ஆப்கானிஸ்தானின் ‘பந்த்-இ அமீர்’ ஏரிகளிலும் இதே சொல்தான். இந்துஸ்தானிக்கு வந்த இதை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, கிழக்கே ஷாங்காய் வரை கொண்டுபோய் அங்குள்ள ஆற்றங்கரைச் சாலைக்கும் சூட்டினார்கள். வடமொழியின் ‘பந்தம்’ இதற்கு உடன்பிறப்பு. கடையடைப்பைக் குறிக்கும் ‘பந்த்’தும் அந்தக் குடும்பம்தான். தமிழ் எழுத்தில் வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ‘பண்டு’ என்றால் நமக்கு முற்காலம்; ‘தீபாவளி பண்டு’ என்றால் சேமிப்பு நிதி. ‘பண்டு உடைந்தது’ என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறத்தான் செய்வார்.

பாரசீகம் போலவே தமிழும் நீரைத் தேக்குவதைக் கட்டுதலாகவே பார்த்தது. அணைக்கட்டு, குளக்கட்டு என்கிறோம். பாசன நீரைப் பங்கிட்டு விடுபவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். வயலுக்குப் போகிறவர் இன்றும் ‘தண்ணி கட்டப் போறேன்’ என்றுதான் சொல்கிறார். புறநானூற்றின் 18ஆம் பாடல், நிலம் நெளிந்து பள்ளமான இடத்தில் நீர்நிலை பெருகும்படி ‘தட்டோரே’ இவ்வுலகில் தம் பெயரை நிறுத்தியவர் என்கிறது. இங்கே தட்டல் என்பது தளைத்தல், அதாவது கட்டுதல். இன்னும் பழைய ஒரு சொல் ‘சிறை’. விசையோடு வரும் வெள்ளத்தைத் தாங்கும் ‘கற்சிறை’ தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பொறியியல் நூல்களில் வரும் ‘அனிகட்’, நம் அணைக்கட்டு திரிந்ததுதான்.

அணையும் கரையும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்புகளில் அதிகம் நேரும் பிழை இங்கேதான். கல்லணை, கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டிய மேலணை, ஓடைகளில் கட்டும் தடுப்பணை இவையெல்லாம் கல்லாலோ காரையாலோ ஆனவை. ஆற்றில் வெள்ளம் வந்தால் தடுப்பணையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்து ஓடலாம், அதற்கென்றே கட்டியது அது. மண்கரைக்கு அது ஆகாது. ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தாண்டினாலும் வெளிச்சரிவில் கோடு கிழித்து, கோடு பள்ளமாகி, சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். அதனால்தான் எந்த மண்கரையும் தனியாக நிற்பதில்லை. உபரி நீர் போவதற்குக் கல்லால் ஆன கலிங்கு அதற்கு எப்போதும் துணை. ஏரி நிரம்பி வழிவதை வட மாவட்டங்களில் ‘கோடி போகுது’ என்றும் தென் மாவட்டங்களில் ‘மறுகால் பாயுது’ என்றும் சொல்வார்கள். கரை மேல் வழிவதை எந்த ஊரிலும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குப் பெயர் உடைப்பு.

சின்ன மண்கரையின் இலக்கணம் முழுவதையும் கபிலர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். பாரி இல்லாத பறம்பு நாட்டைப் பற்றிய புறநானூற்றின் 118ஆம் பாடல் அது: ‘அறையும் பொறையும் மணந்த தலைய / எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத் / தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ’. கரையின் இரு முனைகளும் பாறையோடும் குன்றோடும் சேர்ந்திருக்கின்றன. கரை எட்டாம் நாள் பிறைபோல் வளைந்திருக்கிறது. அந்தச் சிறுகுளம் உடைகிறது. முனைகள் மேட்டில் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும், கரை நடுவில் நிலத்தின் சமமட்டத்தைத் தழுவிச் சென்று இரு முனைகளிலும் மேட்டை நோக்கி வளைந்து ஏற வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் விதி. மூன்றாவது வரி சொல்வது, பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது.

ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மீட்டர், கரைத் தலைப்பின் அகலம் 2 மீட்டர், தண்ணீர் பக்கச் சரிவு 1-க்கு 2.5 (1 மீட்டர் உயரத்துக்குக் கிடையாக 2.5 மீட்டர்), வெளிச்சரிவு 1-க்கு 2. அடி அகலம் 15.5 மீட்டர் வரும். ஒரு மீட்டர் நீளக் கரைக்கு 26.25 கன மீட்டர் மண் வேண்டும். 100 மீட்டருக்கு 2,625. கையாலும் திமிசாலும் (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) இறுக்கிய மண் பிறகு அமரும் என்பதால் 3 மீட்டருக்குப் பதில் 3.3 மீட்டர் எழுப்பி விடுவது நல்லது. கலிங்கின் மட்டம் கரைத் தலைப்பிலிருந்து 1 மீட்டர் கீழே, அதாவது நிற்கும் தண்ணீர் 2 மீட்டர்.

மண் போடுமுன் அடித்தளத்தில் மேல்மண்ணை வேரோடு 15 முதல் 30 செ.மீ. வரை வழித்தெடுக்க வேண்டும். பிறகு கரையின் நடுக்கோட்டில், கீழே இறுகிய மண் தட்டும் வரை அகழி தோண்டி அதில் களிமண் திணிக்க வேண்டும். இந்த நடு அகழியை விட்டுவிட்டால் கரை எவ்வளவு உறுதியானாலும் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். மண்ணைத் தளர்வாக 20 செ.மீ. கொட்டி, 15 செ.மீ. ஆகும்வரை இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்த்தால் போதும். உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். தனிக் கரிசல் கோடையில் வெடித்துப் பிளக்கும், தனி மணல் ஒழுகும். களியும் சரளையும் கலந்த செம்மண் நல்லது. கரிசல்தான் கிடைக்கிறது என்றால் மேலே ஓரடி கனத்துக்காவது சரளை மண் போர்த்த வேண்டும்.

கரைக்குள் தண்ணீர் கசியவே கூடாது என்று நினைப்பது தவறு. எல்லா மண்கரையிலும் தண்ணீர் உள்ளே ஊறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நல்ல மண்ணில் அந்த ஊறல் கோடு 4 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் வீதம் இறங்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். மேலே சொன்ன கரையில் 2 மீட்டர் தண்ணீருக்கு அது 8 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். நீர்விளிம்பிலிருந்து கரையின் வெளி அடிவரை 10.5 மீட்டர் இருப்பதால் கோடு கரைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது வெளிப்புறம் இருப்பவர் பாதைக்கோ வயலுக்கோ கரையடியை 3 மீட்டர் செதுக்கினால் மிச்சம் 7.5 மீட்டர். ஊறல் வெளியே தலைகாட்டிவிடும். கரை ‘அவ்வளவு அகலமா இருக்கே’ என்று அடியைச் செதுக்குவதால் வரும் கேடு இதுதான். கரை போடவோ உயர்த்தவோ மண்ணெடுக்கும் குழியைக் கரையடியை ஒட்டி வெட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. கரை உயரத்தின் 5 மடங்காவது தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கமும், 10 மடங்காவது வெளிப்பக்கமும் தள்ளி மண்ணெடுக்க வேண்டும்.

கசிவு தெளிந்த நீராக இருந்தால் குறித்து வைத்துக் கவனித்தால் போதும். கலங்கல் நீராக வந்தால் உள்ளே மண் கரைந்து குழாய்போல் வழி விழுகிறது என்று பொருள். அன்றிரவே ஆள் வேண்டும். வெளியே வரும் துளையைக் களிமண்ணால் அடைப்பது பெரிய தவறு. அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி தேடும். துளைவாயில் முதலில் மணலும் அதன்மேல் சரளையும் போட்டு, சுற்றிலும் மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கித் தண்ணீரை அங்கேயே சற்று உயர விட வேண்டும். மண் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வடியும். அடைப்பதை உட்பக்கம், தண்ணீர் புகும் வாயில் செய்யலாம். எலி வளை, நண்டு வளை, செத்த மரத்தின் மக்கிய வேர் ஆகியவைதான் பெரும்பாலும் இதற்குத் தொடக்கம். ஆகவே கரைச் சரிவில் மரம் வேண்டாம். அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். மதகுக் கட்டடமும் மண்ணும் சேரும் இடம் இன்னொரு பலவீனம். அங்கே பிசைந்த களிமண்ணை நெருக்கிப் பூச வேண்டும்.

பழைய கரையை அகலப்படுத்தும்போது சரிவின்மேல் புது மண்ணை அப்படியே கொட்டிவிட்டுப் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம். முதல் மழையிலேயே அது பாளமாக வழுக்கி இறங்கும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, நனைத்து, அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டும். கூடுதல் நீர் தேக்க ஆசைப்பட்டு கலிங்கின்மேல் மூட்டை அடுக்குவது இதைவிட மோசம். கரைக்கு விட்டிருந்த அந்த 1 மீட்டர் இடைவெளியைத்தான் அது தின்கிறது. தொடர் ஏரிகளில் மேல் ஏரிக்கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரிகளின் கலிங்குகள் தாங்கும் அளவைக் கடந்துவிடும்.

தமிழகத்தின் 39,000-க்கு மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப்பட்ட மண்கரைதான். மடை திறந்து பாயும் நீர் அதன் ஒரு பயன். கரைக்குக் கீழுள்ள கிணறுகள் ஊறுவது, வெள்ளம் படிப்படியாக இறங்குவது, வண்டல் வயலுக்குப் போவது இவையும் அந்த மண்மேட்டின் வேலைதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே தனிக்குழு இருப்பதும், ஊரார் கூடிக் கரையைச் சீர்செய்த குடிமராமத்து முறையை 2017இல் அரசு மீண்டும் தொடங்கியதும் இதற்காகத்தான்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். வரப்பு என்பது வரம்பு, எல்லை. இலங்கைத் தமிழர் இன்றும் வயல் வரம்பு என்றே சொல்கிறார்கள். முழங்காலுக்குக் கீழ் நிற்கும் இது ஒவ்வொரு பருவத்துக்கும் செதுக்கிப் பூசப்படுவது. ‘கான்டூர் பண்டு’ என்பது சமமட்ட வரப்பு. கொரம்போ வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகட்டும் என்றே போடுவது. மணல், மண், கொம்பு, தழை போதும். அதைக் கரைபோல் உறுதியாக்கினால் ஆற்று வெள்ளம் பக்கத்துக் கரையை அரிக்கும்.

ஆகவே ‘டேங்க் பண்டு’ என்பதை ஏரிக்கரை என்றும், இலங்கை வழக்கில் குளக்கட்டு என்றும் எழுதலாம். ‘ஃபீல்டு பண்டு’ வரப்பு. சிற்றோடையை மறித்து, பக்கத்தில் கலிங்கு வைத்து எழுப்பும் சிறு மண்மேட்டுக்கு மண்கரை என்ற பெயர் போதும். அதைத் தடுப்பணை என்று எழுதினால், மேலே தண்ணீர் வழியலாம் என்று வேலை செய்பவர் எடுத்துக்கொண்டு கலிங்கு வைக்காமல் விட்டுவிட இடமுண்டு.