கலெக்டர் உத்தரவில் பள்ளிப் பேருந்து: ஓட்டுநர் கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மழையில் மாவட்டத்தின் இன்னொரு மூலையில், எனக்குத் தெரிந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், தாழ்வான தெருக்களில் இருந்தவர்களை ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று நாள் வீட்டுக்கே போகவில்லை. அவருக்கு வந்தது ஒரே ஒரு போன்தான். "மேல சொல்லிட்டாங்க, வண்டிய எடுங்க."

மழை விட்டதும் பேட்டா கேட்டார். "அரசாங்கம் கொடுத்தா தர்றோம்" என்றது பள்ளி. அரசு அலுவலகத்தில் கேட்டால், "பணம் பள்ளிக்குத்தான், உத்தரவு நகல் எங்கே?" என்றார்கள். எழுதவே எழுதாத உத்தரவுக்கு நகல் எங்கிருந்து வரும்? அவரிடம் இருந்தது, வண்டி எங்கே எப்போது ஓடியது என்று எழுதிய ஒரு டிரிப் ஷீட். சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார், தண்ணீர் புகுந்து மை கரைந்து நீலக் கறையாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் அலைந்தார். கடைசி வரை ஒரு ரூபாய் வரவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆவது பிரிவுப்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ மீட்பு வேலைக்கு எந்த வண்டியையும் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளம், ஓசூர் பக்கம் ரசாயன ஆலை விபத்து, அணுமின் நிலைய அவசரம் என்று எதுவானாலும் இதே பிரிவுதான். ஆனால் அதில் "எழுத்து மூலமான உத்தரவு" என்று தெளிவாக இருக்கிறது. 66ஆவது பிரிவு இழப்பீட்டைப் பற்றியது. அந்தப் பகுதியில் நடப்பில் இருக்கும் வாடகையைக் கணக்கிட்டு உரிமையாளருக்குத் தர வேண்டும்.

உரிமையாளருக்கு. ஓட்டுநருக்கு அல்ல. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கு அரசு பணம் தந்தாலும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதனால் பேச வேண்டியதை இப்போதே தாளாளரிடம் பேசுங்கள். அவசரப் பணிக்கு வண்டி போனால் ஒரு நாளைக்கு இவ்வளவு பேட்டா, சாப்பாட்டுக்கு இவ்வளவு, சம்பளத்தில் பிடித்தம் இல்லை என்று பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு இதை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

"வர முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 51ஆவது பிரிவுப்படி தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் உயிர் போனால் இரண்டாண்டு வரை போகும். மறுக்காதீர்கள், காகிதம் கேளுங்கள். "சார், வர்றேன். உத்தரவ வாட்ஸ்அப்லயாவது அனுப்புங்க" என்று சொல்வது மறுப்பு ஆகாது. கையெழுத்தும் தேதியும் தெரிகிற புகைப்படம் வந்தாலே பாதிக் கவலை தீரும். நேரம் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள், உயிர்தான் முக்கியம். ஆனால் அன்று இரவுக்குள், யார் சொல்லி எத்தனை மணிக்கு எங்கே போனீர்கள் என்று சொன்னவருக்கே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.

வண்டியில் ஏறியதும் கிலோமீட்டர் ரீடிங்கையும் டீசல் முள்ளையும் செல்போனில் படம் எடுங்கள். டீசல் யார் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்கில் போட்டால் பில் பள்ளியிடம், உங்கள் காசில் போட்டால் பில் உங்களிடம். டிரிப் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் அங்கே இருக்கும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), காவலர் என்று யாரிடமாவது கையெழுத்து வாங்குங்கள். "அப்புறம் போடலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது, அடுத்த வாரம் அவரே மாறுதலாகிப் போயிருப்பார்.

பலர் கோட்டை விடும் இடம், வண்டியைத் திருப்பி விடும் நாள். "சரி, நீங்க கிளம்புங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு விடுவித்தார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் மூன்று நாள் வேலை கணக்கில் ஒரு நாளாகச் சுருங்கும்.

பணம் வரவில்லையா? திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள், மனு எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியாச்சு" என்ற பதில் வரும். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த உத்தரவின் நகல், வண்டி ஓடிய பதிவேட்டின் நகல், பள்ளிக்குப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலின் நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பள்ளிக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும்.

விபத்து நடந்தால் அந்த எழுத்து உத்தரவுக்கு இன்னும் மதிப்பு கூடும். தேர்தல் வேலைக்கு அரசு எடுத்த வண்டி மோதிய வழக்கு ஒன்றில், அந்த நேரத்தில் வண்டி அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு அரசுக்குத்தான் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்து உத்தரவு இல்லையென்றால் இதை எதை வைத்து வாதாடுவீர்கள்? "பள்ளிப் பிள்ளைகளுக்கான வண்டியில் வெளியாட்களை ஏன் ஏற்றினாய்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி உங்களைத்தான் கேட்கும்.

அணுமின் நிலைய விஷயம் நமக்கு எதற்கு என்று தர்மபுரிக்காரர்கள் நினைக்கலாம். கல்பாக்கத்தைச் சுற்றி 16 கி.மீ. வரைதான் அவசரத் திட்ட வட்டம், நம் ஊர் அதற்கு வெகு தூரம். ஆனால் வருடா வருடம் சுற்றுலா என்று பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப் போகிறோமே, அந்தக் கடற்கரைக் கோயில் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே நிற்கும் போது அறிவிப்பு வந்தால், வதந்தியைக் கேட்டு வண்டியைக் கிளப்பாதீர்கள். முதலில் கட்டடத்துக்குள் போய்க் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் அயோடின் மாத்திரை தருவார்கள், அதற்கும் மேல் போனால்தான் வெளியேற்றுவார்கள். எந்தப் பக்கத்தைக் காலி செய்வது என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. அதனால் ஊருக்குப் போகும் வழக்கமான வழியே அன்று தவறான வழியாக இருக்கலாம். அதிகாரிகள் காட்டும் வழியில்தான் போக வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077.

சுற்றுலா கிளம்பும் முன், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள், ஆசிரியரின் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. நெருக்கடியில் யாராவது வந்து உங்கள் வண்டியை வேறு வேலைக்குக் கேட்டால் அந்தப் பட்டியலை நீட்டுங்கள். "சார், 48 பிள்ளைங்க என் வண்டியில இருக்காங்க, இவங்கள எங்க கொண்டுபோய் விடணும்னு எழுதிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். எது தகுந்த காரணம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை, ஆனால் உங்கள் பக்கம் காட்ட இதைவிட நல்ல காரணம் இருக்காது.