அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுக்கும் முன்

அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் ஒரு புத்தகம் காணாமற்போக சில வேளைகளில் ஒரு தொலைபேசி அழைப்பே போதும். பெற்றோர் ஒருவர் கோபமாகப் பேசுவார். தலைமையாசிரியர், “இப்போதைக்கு அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள்” என்று நூலகரிடம் சொல்வார். எழுத்தில் ஒன்றும் இராது. பிற்பாடு வழக்கு வந்தால் பள்ளி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

புகார் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா, எந்தப் பிள்ளைக்குமே வேண்டாமா? முன்னது என்றால் அந்த மாணவரின் நூலகக் கணக்கில் ஒரு குறிப்புப் போட்டால் தீர்ந்தது. பின்னது என்றால், நூலை மறுபடி ஆராயக் கோரும் மறுபரிசீலனைப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். அதில் “நூலை முழுதும் படித்தீர்களா?” என்ற கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு நூலகர், ஆசிரியர், பெற்றோர், நிர்வாகி சேர்ந்த குழு. 5 அல்லது 7 பேர் என ஒற்றைப்படையில் இருந்தால் வாக்கு சமமாகி இழுபறி ஆகாது. ஒவ்வொருவர் கையிலும் பிரதி இருக்க வேண்டும். நகலெடுத்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் குழு இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். முடிவு வரும்வரை நூல் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது நூலகர்களின் பொது நெறி. ஃப்ளோரிடாவில் இது செல்லாது: 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் நடத்தை பற்றியது என்று ஆட்சேபம் வந்தால் 5 பள்ளி நாட்களுக்குள் நூலை எடுத்து, முடிவாகும்வரை கொடுக்காமல் வைக்க வேண்டும்.

குழு அமைத்தால் போதாது, அதன் பேச்சுக்கு மதிப்பும் வேண்டும். நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் கல்வி வாரியம் 11 நூல்களை ஆராயக் குழு போட்டது. 5 நூல்களை வைத்திருக்கலாம் என்றது குழு. வாரியமோ அதைத் தள்ளிவிட்டு 9 நூல்களை நீக்கியது. 1982இல் உச்சநீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நூலை நீக்கக்கூடாது என்றனர் சில நீதிபதிகள். ஆனால் அது பெரும்பான்மைக் கருத்தாக அமையவில்லை. எதை நீக்கலாம், எதை நீக்கக்கூடாது என்ற இன்றைய குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

புகார் வந்த நூலைச் சத்தமில்லாமல் நீக்க இன்னொரு வழி, ‘பழையன கழித்தல்’. கிழிந்தவை, தகவல் காலாவதியானவை, யாரும் எடுக்காதவை என்று நூல்களைக் கழிப்பது நூலகரின் அன்றாட வேலை. ஆட்சேபத்துக்குள்ளான நூலையும் அந்தக் கூடையில் போடும்போதுதான் வம்பு. நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் குஞ்சு வளர்த்த உண்மைக் கதையைச் சொல்லும் ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’ (2005) நூலை, யாரும் எடுப்பதில்லை என்று சொல்லி நீக்கியது ஃப்ளோரிடாவின் நாசோ மாவட்டப் பள்ளி நிர்வாகம். நூலாசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் ஆனது. அந்த நூலில் ஆபாசம் எதுவுமில்லை என்று ஒப்புக்கொண்டு, மொத்தம் 36 நூல்களைத் திரும்ப அடுக்கினார்கள்.

அதனால் எந்த நூலைக் கழித்தாலும் கடைசியாக எடுக்கப்பட்ட தேதி, பிரதியின் நிலை, கழித்த காரணம் மூன்றையும் அன்றே பதியுங்கள். எடுத்துச் சென்ற பிள்ளைகளின் பெயர் மட்டும் அதில் வரக்கூடாது.