ஆதென்டிகேஷன்னா அங்கீகாரம் இல்லைங்க

லாகின் பண்ற மாதிரி இடத்துல வந்த ஆள் யாருன்னு உறுதி பண்றதுதான் ஆதென்டிகேஷன், அதுக்கு நிறைய பேர் "அங்கீகாரம்"னு போடுறாங்க, ஆப்ல, செய்தியில எங்க பாத்தாலும் அதான், எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது. அங்கீகாரம் வடமொழிச் சொல், ஏத்துக்கிறது, சம்மதிக்கிறதுன்னு அர்த்தம். அது ஆத்தரைசேஷனுக்குத்தான், அதாவது ஒருத்தர் எதைச் செய்யலாம்னு அனுமதிக்கிறதுக்குத்தான், கிட்ட வரும். ஆதென்டிகேஷனோட வேர் கிரேக்கத்துல இருக்கு, தன் கையாலயே ஒரு காரியத்தைச் செஞ்ச ஆளைக் குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது, ஆக 'அசல் ஆளு இவர்தானா'ன்னு பாக்குறதுதான் அதோட உயிர்.

ட்ரெயின்ல டிடிஆர் வந்து ஆதார் கார்டைக் காட்டுங்கன்னு கேக்குறாரே, அது ஆதென்டிகேஷன். இது ஸ்லீப்பர் டிக்கெட், ஏசி கோச்ல உக்காரக்கூடாதுங்கன்னு சொன்னா அது ஆத்தரைசேஷன். ரெண்டையும் ஒரே வார்த்தையில அடைச்சா பாதுகாப்பு ஓட்டை எதுல இருக்குன்னே பிடிபடாது.

2017 மே மாசம் சிப் கம்பெனி இன்டெல் அப்படி ஒரு ஓட்டையை ஒத்துக்கிட்டாங்க. ஆபீஸ் கம்ப்யூட்டரை தூரத்துலேர்ந்தே ஆன் பண்ண, ரிப்பேர் பார்க்க ஏஎம்டி (AMT)ன்னு இன்டெல்லோட ஒரு வசதி, அதுக்கு 16992 போர்ட்ல (நெட்வொர்க்ல கம்ப்யூட்டருக்கு உள்ள வாசல் எண்) ஒரு அட்மின் பேஜ் வரும். அங்க பாஸ்வேர்டு அப்படியே போகாது, அதுலேர்ந்து கணக்குப் போட்ட 32 எழுத்து பதில்தான் போகும், கம்ப்யூட்டர் தானும் அதே கணக்கைப் போட்டு ரெண்டையும் ஒப்பிடணும். ஆனா எத்தனை எழுத்தை ஒப்பிடணும்ங்கிறதை வந்தவர் அனுப்புன பதிலோட நீளத்தை வச்சே முடிவு பண்ணிட்டாங்க. காலியா அனுப்புனா பூஜ்யம் எழுத்து, ஒப்பிட ஒன்னுமே இல்ல, அப்போ "ஒத்துப்போச்சு"ன்னு அட்மினா உள்ள விட்டுடுச்சு! 6லேர்ந்து 11.6 வரைக்கும் உள்ள ஏஎம்டி பதிப்புகள்ல இந்தக் கோளாறு, பல வருஷமா யாரும் கவனிக்கல.

இங்க அனுமதியில தப்பே இல்ல, அட்மினுக்கு அந்த உரிமை உண்டுதான். வந்தது அட்மினான்னு பாத்த விதம்தான் தப்பு. அதனாலதான் நான் "அடையாளச் சரிபார்ப்பு"ன்னு எழுதுறேன், சுருக்கமா சரிபார்ப்பு. ஆதென்டிகேஷனுக்கு "சான்றுறுதி"ங்கிறதும் அழகான சொல்தான், ஆனா யார் எதைப் பாக்குறாங்கன்னு அதுல தெரியல, சரிபார்ப்புல அந்தச் செயலே கண்ணு முன்னாடி நிக்குது. கூகுள் கணக்குல இருபடிச் சரிபார்ப்புன்னு ஏற்கனவே ஜனங்க பாத்துப் பழகின வார்த்தையும் கூட. ஆத்தரைசேஷனுக்கு "அனுமதி" போதும்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். 2016ல மிராய் வைரஸ் கேமராவையும் ரவுட்டரையும் பிடிச்சது வேற மாதிரி, அட்மின் பேர், பாஸ்வேர்டுன்னு கம்பெனி போட்டு அனுப்புன ஏறக்குறைய அறுபது ஜோடிகள்லேர்ந்து மாத்தி மாத்தி எடுத்து அடிச்சுப் பாத்துச்சு, அவ்வளவுதான். அங்க ஒப்பிடுற வேலை சரியாத்தான் நடந்துச்சு, ரகசியம்தான் ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். அதை "பலவீனமான சரிபார்ப்பு"ன்னு எழுதலாம், இன்டெல்ல நடந்ததை "சரிபார்ப்பைத் தாண்டுதல்"னு எழுதணும், ஏன்னா பலவீனமான சரிபார்ப்புக்கு பாஸ்வேர்டை மாத்துனா போதும், இன்டெல் ஓட்டை எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வச்சாலும் அப்டேட் போடாம அடைபடாது.