அவரைக்காய் மாதிரி ஊறட்டும்

எங்கள் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் பெயிண்ட் உரிக்க, பெங்களூரு சிவாஜிநகரில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெயிண்ட் ரிமூவரைப் பூசியதுமே சுரண்டத் தகட்டை எடுத்தேன். "சும்மா இருங்க சார், அவரைக்காய் மாதிரி ஊறட்டும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, விஷயம் முழுக்க அதில் இருக்கிறது.

மார்கழி வந்தால் இந்த ஊரில் அவரை பிதுக்காத வீடு குறைவு. ஊறப்போட்ட கொட்டையில் தோல் நீரைக் குடித்து விரிகிறது. உள்ளே பருப்பு அந்த வேகத்தில் விரிவதில்லை. இடம் போதாத தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. அப்புறம் விரலால் அழுத்தினால் தோல் தனி, பருப்பு தனி.

டேங்கிலும் அதேதான். ரிமூவர் பெயிண்டைக் கரைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காய்ந்து இறுகிய எனாமல் என்பது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மூலக்கூறு வலை, அது கரையாது. ஆனால் பல ரிமூவர்களில் இருக்கும் டைகுளோரோமீத்தேன் மிகச் சிறிய மூலக்கூறு: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். வலைக்கண்களில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வலை உப்பும். அடியில் இரும்பு பிடித்திருப்பதால் பக்கவாட்டில் நீள வழியில்லை, மேலேதான் எழும்ப வேண்டும். அந்த இழுவையில் இரும்பின் பிடி விட்டுப்போகிறது. பழைய வகை லாக்கரான டூகோ பெயிண்டில் இந்தப் பின்னல் கிடையாது. அது நிஜமாகவே கரைந்து கோந்தாகிவிடும். எங்கள் டேங்கில் மேலிருந்த சிவப்பு எனாமல் சுருள் சுருளாக வந்தது, அடியிலிருந்த கறுப்பு டூகோ சுரண்டும் தகட்டில் அப்பிக்கொண்டது.

டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஊறுவதற்குள் பறந்துவிடாதா? அதற்காகவே ரிமூவரில் கொஞ்சம் மெழுகு சேர்க்கிறார்கள். மேலாக உள்ள திரவம் ஆவியானதும் மெழுகு ஆடைபோலப் படிந்து மிச்சத்தை மூடிவைக்கிறது. ஆகவே பிரஷ்ஷை ஒரே பக்கமாக ஓட்டி, தடிமனாகப் பூசிவிட்டு விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் ஆடை கிழிந்துபோகும்.

பெயிண்ட் உரிக்க உதவும் இன்னொரு பொருளான காஸ்டிக் சோடா வேறு வழியில் வேலை செய்கிறது. எண்ணெயைச் சோப்பாக்குவதுபோல, எண்ணெய் கலந்த எனாமலின் கண்ணிகளையே அறுக்கிறது. இரும்புக்குச் சரி. அலுமினிய என்ஜின் மூடியை அதில் போட்டால் உலோகமே கரையும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

டைகுளோரோமீத்தேனின் ஆவி காற்றைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். தரையோடு தேங்கி நிற்கும். சுவாசித்தால் உடல் அதில் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடுகிறது. பூட்டிய குளியலறையில் இதைச் செய்து உயிரிழந்தவர்கள் உண்டு. பொதுமக்களுக்குப் பெயிண்ட் ரிமூவராக விற்பதை அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. தூசிக்கான முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது, சாதாரண ரப்பர் கையுறையில் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மெக்கானிக் எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே, மரத்தடியில் வைத்துத்தான் செய்தார்.

பெயிண்ட் போன பிறகும் அவர் விடவில்லை. மெழுகு மிஞ்சினால் புதுப் பெயிண்ட் பிடிக்காது என்று டேங்கைத் தின்னரால் துடைத்தார். அடித் தையல் மடிப்பில் மட்டும் மூன்று தடவை. அங்கே ஒளிந்திருக்கும் ரிமூவர் புதுப் பெயிண்டையும் அவரைத்தோல் ஆக்கிவிடுமாம்.